விடுமுறையில் ஒரு பதிவேடு

பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியதும் வீடுகள்தோறும் ஒரு வழக்கு எழுவது இயல்பு. "இத்தனை நாளும் பிள்ளை என்ன செய்யப் போகிறான்?" என்பது தந்தையாரின் கேள்வி. "படித்துக் களைத்து வந்த பிள்ளை சற்று ஆறியிருக்கட்டுமே" என்பது தாயாரின் விடை. இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதால் நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. களைப்பும் தீரவேண்டும், காலமும் வீணாகக்கூடாது என்று கருதும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும், அதிகம் பேசப்படாத ஒரு விடுமுறைப் பணியை இவ்வாரம் எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

அது, பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்திலுள்ள பொருள்களுக்குப் பதிவேடு எழுதும் பணி. மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நெடுவிடுமுறைக் காலத்திலே மாணவர் சிலர் களஞ்சிய அறையில் அமர்ந்து, ஓவியம், சிற்பம், துணி, மட்பாண்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, எண்ணிட்டு, எழுதி வைக்கின்றனர். அதற்காகச் சிறு வேதனமும் சிலர் பெறுகின்றனர். பார்வையாளர் எவரும் அந்த அறைக்குள் வருவதில்லை, கைதட்டலும் கிடைப்பதில்லை. "இது எழுதுவினைஞர் வேலைதானே? இதற்கோ பட்டப்படிப்பு?" என்று எம் வாசகருட் சிலர் வினவவும் கூடும்.

அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு உலகின் மூத்த பல்கலைக்கழக நூதனசாலைகளுள் ஒன்றின் கதையைச் சற்றே நோக்குவோம். ஒக்ஸ்போட்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலை 1683ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதற்கு மூலமாக அமைந்தது, தோட்டக்கலை வல்லுநரான திரடெஸ்கன்ற் என்னும் தந்தையும் மகனும் திரட்டிய அரும்பொருட் சேகரம். அச்சேகரத்தின் பட்டியல் 1656இல் அச்சாயிற்று. அதனைத் தொகுக்க உதவியவருள் ஒருவர் இலியாஸ் அஷ்மோல். பிற்காலத்திலே தம் பெயரால் நூதனசாலை விளங்கப்பெற்ற அவர், முதலில் அதே பொருள்களுக்குப் பட்டியல் எழுதிய கையினராகவே நமக்குக் காட்சி தருகின்றார். அப்பட்டியலில் மொரிசியஸ் தீவிலிருந்து வந்த பறக்கமாட்டாத ஒரு பெரும் பறவையும் இடம்பெற்றது. 'டோடோ' என்னும் அவ்வினம் இன்று உலகில் இல்லை. பாடஞ்செய்து வைத்த அந்த உடலும் காலப்போக்கிற் சிதைந்து, தலையும் ஒரு காலுமே எஞ்சின. பறவை எங்கிருந்து வந்தது, எவர் கையில் இருந்தது என்பதை அன்று எழுதிய ஒரு வரி மட்டும் சிதையவில்லை. எழுதுவினைஞர் வேலை என்று நாம் எண்ணுவது எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதற்கு இது போதிய சான்று.

இனி நமது நாட்டிற்கு வருவோம். 1942இற் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு மகாவலி கங்கைக் கரையிலே பேராதனையிற் குடிபுகுந்தது. அங்கே தொல்லியலும் நுண்கலையும் கற்பிக்கப்படுகின்றன. நூலகத்தில் ஓலைச்சுவடிகள் உள்ளன. சில மைல் தூரத்திலே கண்டி நகரம். தலதா மாளிகையை அடுத்துப் பழைய அந்தப்புரமான 'பல்லே வாசல'யில் தேசிய நூதனசாலை அமைந்திருக்கின்றது. சுற்றுப்புறத்திலே எம்பெக்கேயின் மரச் செதுக்குத் தூண்கள், தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரோவியங்கள், பிலிமத்தலாவையின் பித்தளை வேலை, தும்பறைப் பாய் நெய்யும் ஹேனாவலைக் கிராமம் என்று கலைச்செல்வம் பரந்து கிடக்கின்றது. பதிவேடு எழுதிப் பழகுவதற்கு இதனினும் ஏற்ற களம் நம் நாட்டில் வேறு உளதோ என்பது ஐயமே.

பதிவு பெறாத பொருளுக்கு என்ன நேர்கின்றது? காலியிலே 1911ஆம் ஆண்டு ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. வடிகாலொன்றின் மேலே மூடுகல்லாக அது கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் காணப்பட்டன. 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட அக்கல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இலங்கைக்கு வந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை வரிசையாகக் கூறுகின்றன. வேடிக்கை என்னவெனில், அக்கல்லே ஒரு பட்டியல். கொடுத்தவர் இன்னார், பெற்ற தெய்வம் இன்னது, பொருள் இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்த பதிவேடு அது. அதனை வாசிக்க எவரும் இல்லாமற் போன காலத்தில் அது வெறும் மூடுகல்லாயிற்று. இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் நிற்கும் அக்கல்லைக் காணும் மாணவர், அதன் பெறுமதி கல்லில் மட்டுமன்றி அதனை அறிந்து எழுதி வைத்தலிலும் தங்கியிருப்பதை உணர்வர்.

இதற்கு எதிர்மாறாக, எழுதி வைத்ததனால் வீடு திரும்பிய பொருளும் உண்டு. அது கண்டி அரசனின் பீரங்கி. வெண்கலக் குழாயிலே பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்து, சூரியன், பிறை, சிங்கம் ஆகிய சின்னங்களைத் தாங்கிய சிறு பீரங்கி அது. 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி நகருட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டபோது கொண்டுசென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. பின்னர் அது ஆம்ஸ்டர்டாம் நகரத்து றைக்ஸ் மியூசியத்தைச் சேர்ந்தது. அதிற் பொறித்த சிங்கள எழுத்துகள் லெவ்கே திசாவையின் பெயரைக் கூறுகின்றன. இவ்வெழுத்துகளையும், பழைய கடிதங்களையும், சேகரங்களின் பட்டியல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அப்பொருள் வந்த வழியை ஆராய்ச்சியாளர் நிறுவினர். 2023ஆம் ஆண்டு ஒல்லாந்து அரசாங்கம் அப்பீரங்கியோடு பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரு சுவர்த் துப்பாக்கிகள் என மொத்தம் ஆறு பொருள்களை இலங்கைக்கு மீள அளித்தது. அவை அவ்வாண்டின் இறுதியிற் கொழும்பை வந்தடைந்தன.

இங்கே நாம் நினைவுகூர வேண்டியவர் ஒருவர் உளர். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பொருள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்து 1975ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்நூல் வெளியாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பீரங்கி திரும்பிற்று. "எம்முடைய பொருள் உம்மிடம் உண்டு" என்று பொதுவாகக் கூறுவது ஒன்று. "இன்ன ஊரில், இன்ன சாலையில், இன்ன எண்ணில் உள்ளது" என்று கூறுவது வேறொன்று. முன்னையது மனக்குறை, பின்னையது உரிமைக் கோரிக்கை. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க உதவுவது பதிவேடு.

அப்படியாயின் இப்பணி எவ்வாறு நடைபெறுகின்றது? இளம் வாசகர் அறிந்துகொள்ளத்தக்க அளவிற் கூறுகின்றோம்.

முதலாவது எண். பொருளுக்கு எண்ணே உயிர்நாடி. பல கலைக்கூடங்களில் எண் மூன்று பகுதியாக அமையும். 1968.12.3 என்று எழுதியிருந்தால், 1968ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாவது வரவிலே மூன்றாவது பொருள் என்பது கருத்து. இவ்வெண்ணைப் பொருளின் மீது எழுதுவதிலும் முறையுண்டு. மண், உலோகம் முதலியவற்றிற் கண்ணிற் படாத ஓரிடத்திலே தெளிந்த பூச்சொன்றைத் தடவி, அது காய்ந்தபின் மையால் எழுதி, மேலே மீண்டும் பூச்சிடுவர். வேண்டியபோது வடுவின்றி அகற்றுவதற்கே இந்த ஏற்பாடு. தாளிலுள்ள சித்திரமாயின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுவர். துணியாயின் எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டொரு தையலாற் பொருத்துவர். ஒட்டுத்தாள் ஒட்டுவது கூடவே கூடாது. பசை காய்ந்து எண்ணும் விழும், பொருளும் கறைபடும்.

அடுத்தது அளவு. ஓவியத்துக்கு உயரம் முன்னும் அகலம் பின்னுமாகச் சட்டத்தை விடுத்து அளப்பர். பின்னர், எப்பொருளால் எம்முறையில் ஆக்கப்பெற்றது என்பதை எழுத வேண்டும். அதன் பின் நிலைமை. 'பழுதடைந்துள்ளது' என்று எழுதுவதாற் பயனில்லை. 'மேல் இடது மூலையில் 2 சென்ரிமீற்றர்க் கிழிவு; கீழ் ஓரத்திற் பூஞ்சணம்' என்று எழுதினால், அடுத்த ஆண்டு பார்ப்பவர் கிழிவு வளர்ந்ததா, பூஞ்சணம் பரந்ததா என்று அறிவர். மழையும் ஈரக்காற்றும் மிகுந்த கண்டிப் பிரதேசத்தில் இராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் ஓய்வு கொள்வதில்லை. ஆகவே இவ்வரி வைத்தியரின் குறிப்புக்கு ஒப்பானது.

படத்தின் முகத்தைப் பார்ப்பது போலவே முதுகையும் பார்க்க வேண்டும். ஓவியரின் கையெழுத்து, காட்சியொன்றில் இடம்பெற்றபோது ஒட்டிய துண்டு, விற்றவர் குறித்த விலை, அன்பளித்தவர் பெயர் ஆகியன பெரும்பாலும் பின்புறத்திலேயே இருக்கும். 1901ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் முதலிய '43ஆம் ஆண்டுக் குழு' ஓவியர்களின் படங்கள் பல வீடுகளிலிருந்து பல கைகளுக்கு மாறியவை. அவை நடந்துவந்த வழியைச் சுவரிற் தொங்கும் முகப்பு நமக்குச் சொல்லாது. பழைய சட்டத்தைப் பாழ் என்று எறிந்துவிட்டுப் புதுச் சட்டம் போடுபவர், அவ்வரலாற்றையும் சேர்த்தே எறிந்துவிடுகின்றார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. கண்டதை வேறாகவும் கருதியதை வேறாகவும் எழுத வேண்டும். 'பித்தளைக் குத்துவிளக்கு, உயரம் 61 சென்ரிமீற்றர், அடித்தட்டிற் பெயர் பொறிப்பு' என்பது கண்டது. 'அரச குடும்பத்துக்கு உரியது' என்பது கருதியது. கருதியதைக் கண்டதுபோல் எழுதினால், பின்வரும் நூலாசிரியர் அதனை எடுத்தாள்வர். அவரை மற்றொருவர் மேற்கோள் காட்டுவர். ஈற்றில் ஒரு பொய் மூன்று தலைமுறைக்கு மெய்யாக நடமாடும். அறியாத இடத்தில் 'அறியப்படவில்லை' என்று எழுதும் நேர்மையை ஒரு மாணவன் இருபது வயதிற் பழகிக்கொள்வானாயின், அவன் பின்னாளில் மருத்துவனாயினும் நீதவானாயினும் ஆசிரியனாயினும் அப்பழக்கம் அவனைக் கைவிடாது. நூறாவது சட்டியை அளக்கும்போது அலுப்புத் தட்டும் என்பது மெய்யே. நூறாவது சட்டியையும் முதலாவது சட்டியைப்போல் அளப்பதே பயிற்சி.

'எழுதுவினைஞர் வேலை' என்றவர்க்கு மற்றுமொரு விடையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடையின் பெயர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், கற்றது நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். நிலவியல் அறிஞனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கல்லை எடுத்தவுடனே அது எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்வான். இடக்குறிப்பு இழந்த கல் எத்துணை அழகியதாயினும் ஆராய்ச்சிக்கு உதவாது. அப்பழக்கத்தோடு அவர் கண்டிப் பிரதேசத்துக் கிராமங்களிற் சஞ்சரித்தபோது, மரம் செதுக்குவோரையும் பொன் வேலை செய்வோரையும் பாய் நெய்வோரையும் சித்திரம் தீட்டுவோரையும் கண்டார். கருவிகளின் பெயர்களையும் வேலை முறைகளையும் கைவினைஞரின் சமூக நிலையையும் நுணுக்கமாக எழுதிக்கொண்டார். அவர் மனைவியார் எதெல் புகைப்படம் எடுத்தும் தையல் வேலைகளை ஆராய்ந்தும் துணைநின்றார்.

அவ்வுழைப்பின் பயனாக எழுந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கிலப் பெருநூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்திலே தமது இல்லத்திற் கையச்சுப் பொறியில், 1907 செப்டெம்பர் தொடக்கம் 1908 டிசம்பர் வரை, 15 மாதங்கள் செலவிட்டு 425 பிரதிகள் மட்டுமே அச்சிட்டனர். கண்டியக் கலையைப் பற்றி எழுத எண்ணுவோர் இன்றும் அந்நூலின் வாயிலையே முதலில் தட்டுகின்றனர். 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராக அழைத்துக்கொண்டது. அங்கும் அவர் செய்தது என்ன? 1923 முதல் 1930 வரை பகுதி பகுதியாக அச்சேட்டின் இந்தியப் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி வெளியிட்டார். நடராஜ வடிவத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கிய பேரறிஞர், சிற்பத்தின் உயரத்தை அளந்து எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதினாரல்லர். அளவு நாடா பிடித்த கையே தத்துவமும் எழுதிற்று.

அவரது நூலை வாசிப்பவர் மற்றொன்றையும் கற்கலாம். பொருளை எழுதுபவர் பொருளைச் செய்தவரை மறத்தலாகாது. உலகத்துப் பதிவேடுகளில் மிகுதியாகக் காணப்படும் சொற்றொடர் 'செய்தவர் பெயர் அறியப்படவில்லை' என்பதே. வாங்கியவர் பெயர் இருக்கும். அன்பளித்தவர் பெயர் இருக்கும். அளித்த ஆண்டும் இருக்கும். விரல் தேய நெய்தவளின் பெயர் மட்டும் இராது. அது அறிய முடியாமையால் நேர்ந்ததன்று. கேட்பார் இன்மையால் நேர்ந்தது. கேட்டு வைத்த இடத்திலே பெயர் நிலைத்திருக்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தெகல்தொருவை விகாரையிற் சித்திரம் தீட்டியவருள் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்பவர் முதன்மையானவர் என்று நாம் இன்றும் சொல்லக்கூடியதாயிருப்பது, எவரோ அப்பெயரைப் பேணி வைத்ததனாலன்றோ?

தும்பறைப் பாயை எடுத்துக்கொள்வோம். 'ஹண' எனப்படும் நாரை உரித்து, சாயந்தோய்த்து, பறவையும் விலங்கும் பூவும் விளங்க நெய்யும் அக்கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. கலைக்கு உலகப் புகழ் கிடைத்தது நன்றே. ஆனால் கலைக்கூடத்து அலுமாரியில் மடித்து வைத்த ஒரு பாயைப் பார்த்து, 'இதை நெய்தவர் எவர்? இவ்வுருவத்துக்கு உங்கள் ஊரிற் பெயர் என்ன?' என்று அக்கிராமத்துக்குச் சென்று கேட்கும் மாணவனே அப்பாய்க்கு முகவரி அளிப்பவன். பேராதனையிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளிற் சென்று கேட்டுத் திரும்பிவிடலாம். கேட்க வேண்டிய முதியோர் இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

தமிழ் மாணவருக்கு இதிலே தனிப்பட்ட பங்கும் ஒன்றுண்டு. கண்டியின் கடைசி மன்னர்கள் நாயக்க வமிசத்தவர். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்திலே பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திற் கையொப்பமிட்டுள்ளனர். ஆகவே மலைநாட்டுப் பழம்பொருளொன்றின் அடியிலோ ஓலையின் ஓரத்திலோ தமிழ் எழுத்து வெளிப்படுமாயின் அதில் வியப்பதற்கில்லை. தமிழ் அறியாத ஒருவர் அதனைப் பதிவு செய்யும்போது 'ஏதோ கீறல்' என்று எழுதிச் செல்லவும் கூடும். அவ்வாறே சிங்கள எழுத்தைத் தமிழ் மாணவன் கோலம் என்று கருதவும் கூடும். இரு மொழி மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதினால் இரு பிழையும் நேரா. நாட்டின் ஒற்றுமை பற்றிப் பெரிய மேடைகளிற் கூறப்படுவதை ஒரு சிறிய மேசையிற் செய்து காட்ட இப்பணி இடமளிக்கின்றது.

பேராதனைக்கு இத்தகைய முயற்சி புதியதுமன்று. தமிழ்த் துறையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக் கூத்தினைக் கிராமத்துக் களரியிலிருந்து பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்து, மாணவரைக்கொண்டே 1962இற் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். நூலகராயிருந்த இயன் குணதிலக்க, இலங்கை பற்றிப் பிறமொழிகளில் எழுந்த எழுத்துகளைத் தேடித் திரட்டிய நூற்பட்டியலை 1970 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். ஒருவர் கூத்தைத் தேடினார். மற்றவர் நூலைத் தேடினார். சிதறிக் கிடப்பதைச் சேர்த்து அடுத்தவர் கையிற் கொடுக்கும் மனப்பான்மை இருவருக்கும் பொது.

எழுதிய பதிவேட்டின் பிரதியொன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதையும் இங்கு வற்புறுத்துகின்றோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்துயரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 செப்டெம்பர் 2ஆம் திகதி பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனெய்ரோ நகரில் தேசிய நூதனசாலை தீக்கிரையாயிற்று. அப்பொழுது அந்நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் நூதனசாலையியல் கற்ற மாணவர், அங்கு சென்றவர்கள் எடுத்த புகைப்படங்களை அனுப்புமாறு பொதுமக்களிடம் வேண்டினர். படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எரிந்த பொருளை அவை உயிர்ப்பிக்கமாட்டா. எனினும் இருந்தது இன்னது என்று சொல்ல உதவும். நம்மவரும் 2005 முதல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தை அமைத்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை அவ்வாறே பேணி வருகின்றனர். தீக்குப் பின் மாணவர் செய்ததைத் தீக்கு முன்னரே செய்துவிடுதல் அறிவுடைமை.

கலைக்கூடங்களை நிருவகிப்போருக்கு ஒரு விண்ணப்பம். மாணவரை உள்ளே விட அஞ்ச வேண்டாம். முதல் வாரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கி, பொருளை இரு கையாலும் ஏந்தவும் மேசையிற் துணி விரிக்கவும் பேனாவை வாயிலுக்கு வெளியே வைக்கவும் கற்பித்து, அனுபவமுள்ள ஒருவரை அருகில் அமர்த்தினாற் போதும். உழைப்புக்கு இயன்ற வேதனம் அளியுங்கள். பதிவின் அடியில் எழுதியவர் பெயரையும் திகதியையும் இடச் செய்யுங்கள். செய்தவர் பெயரைத் தேடும் பதிவேட்டிலே பதிவு செய்தவர் பெயர் இல்லாதிருப்பது முறையாகாது. மேலும், தன் பெயர் நிற்கும் வரியை எவரும் அசட்டையாக எழுதமாட்டார்.

பல்கலைக்கழகத்துக்குச் செல்லாத எம் வாசகர்களும் இப்பணியிற் சேரலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பெட்டி உண்டு. அதற்குள் மங்கிய புகைப்படங்களும், ஒரு வெற்றிலைத் தட்டமும், பட்டுச் சேலையொன்றும், உறுதிப் பத்திரங்களும் கிடக்கும். படத்திலே வரிசையாக நிற்பவர்களின் பெயர் பாட்டியாருக்குத் தெரியும். அம்மாவுக்குப் பாதி தெரியும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பாட்டியாரின் அருகில் அமருங்கள். படத்துக்கு ஓர் எண் இடுங்கள். இடமிருந்து வலமாக நிற்பவர் பெயர், முறை, ஊர், படம் எடுத்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். சேலையை எவர் எப்பொழுது எங்கே வாங்கினார், எவருடைய மணத்துக்கு உடுத்தார் என்று கேளுங்கள். பாட்டியார் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கைத்தொலைபேசியாற் படமெடுத்து, பிறதேசத்தில் வாழும் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். ஒரு பிற்பகலுக்கு ஐந்து பொருள் போதும். விடுமுறை முடிவதற்குள் பெட்டியின் அடித்தட்டைக் கண்டுவிடலாம்.